மாணவர் பத்திரிகையும் பிறர் வரைந்த சித்திரமும்

கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, எமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களைப் பற்றியே எழுதலாம் என முதலில் எண்ணினோம். ஆயின் அதனை எம்மினும் நன்கு எழுதவல்லார் பலர் உளர். ஆதலின், இக்கல்லூரியிற் கற்றுப் பின்னர் பயிற்றப்பட்ட தமிழாசிரியராய் மாங்குளத்திற் பணிபுரியும் யாம், எம் வகுப்பறையில் எழுந்த சிறு வினாவொன்றையும் அதற்கு விடைதேடிச் சென்ற வழியையும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். வினா சிறிது, அதனுள்ளே கிடக்கும் அறமோ சிறிதன்று.

எம் பாடசாலை மாணவர் தவணைக்கு ஒருமுறை பத்திரிகையொன்று வெளியிடுவர். சென்ற இதழுக்கு உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, ‘அனிமே’ எனப்படும் யப்பானிய இயங்கு சித்திரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதித் தந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் இராமகாதை. யூகோ சாக்கோ என்னும் யப்பானியரும் இந்தியச் சித்திரக் கலைஞர் ராம் மோகனும் சேர்ந்து இராமாயணத்தை இயங்கு சித்திரமாக்கினர். 1992 இல் உருப்பெற்ற அப்படம் 2025 சனவரியில் இந்தியத் திரையரங்குகளில், தமிழ்க் குரலோடும், மீண்டும் வெளிவந்தது. யப்பானியர் கையில் நம் இராமனும் சீதையும் எவ்வாறு உருக்கொண்டனர் என்பதை அம்மாணவி நன்கு ஆராய்ந்திருந்தாள். கட்டுரையிற் குறையொன்றுங் கண்டிலம்.

குறை படத்தில் வந்தது. கைத்தொலைபேசியைத் தடவிப் பத்து நிமிடத்துள் இருபது படங்களைக் கொணர்ந்து, “இதில எதைப் போடலாம், சேர்?” என்று வினவினாள். “இவற்றை வரைந்தவர் யார்? அவரிடம் கேட்டீரா?” என்றோம். “இணையத்தில சும்மாதானே கிடக்குது, சேர்” என்று விடை வந்தது. வேலிக்கு வெளியே கிளை நீட்டி நிற்கும் மாமரத்துக் காய், நீட்டி நின்ற காரணத்தால் வழிப்போக்கருக்கு உரிய காய் ஆகிவிடுமோ? மாங்குளத்துப் பிள்ளைகளுக்கு இவ்வுவமை உடனே விளங்கியது. எனினும், உவமை சட்டமாகாது. ஆகவே சட்டத்தையும் உடனிருந்து பார்த்தோம்.

சட்டம் உரைப்பது

நம் நாட்டில் இப்பொருள்பற்றி வழங்குவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஓவியமொன்று வரையப்பட்ட அக்கணமே வரைந்தார்க்கு உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு வேண்டுவதில்லை, முத்திரை வேண்டுவதில்லை, ‘உரிமை பெற்றது’ என்று ஓரத்தில் எழுதவும் வேண்டுவதில்லை. அவ்வுரிமை அவர் வாழுங் காலம் முழுவதும், மறைந்த பின் எழுபது ஆண்டுகளும் நிலைக்கும். யப்பானியர் உரிமை இலங்கையில் எங்ஙனம் செல்லும் என்று ஒரு மாணவன் வினவினான். நல்ல வினா. 1886 இல் பேர்ண் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையில் யப்பான் 1899 இலும் இலங்கை 1959 இலும் சேர்ந்தன. ஓர் அங்கத்துவ நாட்டார் படைப்பை ஏனைய அங்கத்துவ நாடுகளும் தம் நாட்டார் படைப்பைப் போலவே காக்கவேண்டும் என்பது அதன் சாரம்.

உரிமை இருவகைத்து. ஒன்று பொருள் பற்றியது: படியெடுத்தல், அச்சிடல், விற்றல் முதலியவற்றுக்கு இசைவளிக்கும் உரிமை. மற்றது மானம் பற்றியது: படைத்தவர் பெயரைச் சொல்லுவிக்கும் உரிமையும், படைப்பைச் சிதைக்காது காக்கும் உரிமையும். தமிழ் மாணவர்க்கு இஃது புதிதன்று. நூலொன்றின் சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை நன்னூலார் முதலிடத்தில் வைத்ததை அவர்கள் வகுப்பிற் கற்றிருக்கிறார்கள். பெயர் கூறாத பாயிரம் பாயிரமாகாது எனின், பெயர் கூறாத படமும் அத்தகையதே.

ஈண்டு மாணவரிடையே வேரூன்றிய மயக்கங்கள் சிலவற்றைக் களைதல் வேண்டும். படத்தின் கீழ்த் தேடற்பொறியின் பெயரைப் போட்டால் போதும் என்பர் சிலர். தேடற்பொறி படம் வரைவதில்லை. வழிகாட்டிய பலகைக்கு வயல் சொந்தமாகாது. வரைந்தவர் பெயரையே போட்டால் போதும் என்பர் வேறு சிலர். பெயர் கூறல் நன்றியாகும், இசைவாகாது. இலாபம் இல்லாத சிறு பத்திரிகைதானே என்பர் இன்னுஞ் சிலர். இலாபமின்மை நம் பக்கத்துக்கு ஓரளவு துணைசெய்யுமேயன்றித் தனியே நின்று காக்காது.

செல்லத்தக்க வழிகள்

தடைகளை மட்டும் கூறி விடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆதலின் செல்லத்தக்க வழிகளை நிரல்பட வைத்துக் காட்டினோம்.

முதலாவது வழி, காலங்கடந்த படைப்புகளை நாடுதல். கணக்கு எளிது: மறைந்த ஆண்டுடன் எழுபதைக் கூட்டுக. நம் நாட்டுக் கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1947 இல் மறைந்தார். 2017 ஆம் ஆண்டின் முடிவோடு எழுபது ஆண்டுகளும் நிறைவெய்தின. இரவிவர்மா 1906 இல் மறைந்தவர்; இராவணன் வாளுக்குச் சடாயு சிறகிழக்கும் அவரது ஓவியத்தை எவரும் அச்சிடலாம். யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1849 இல் மறைந்தவர். ‘மங்கா’ என்னும் பெயர் தாங்கிய அவருடைய சித்திரத் தொகுதிகள் 1814 முதல் வெளிவந்தன. அனிமேயைப் பற்றி எழுதுவார்க்கு அவற்றினும் பொருத்தமான மூதாதை கிடைப்பதரிது. நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017 இல், காலங்கடந்த கலைப்பொருள்களின் 375,000 இற்கு மேற்பட்ட படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஹொக்குசாயின் பேரலை ஓவியமும் அவற்றுள் ஒன்று. மாறாக, ‘அஸ்ட்ரோ போய்’ சிறுவனைப் படைத்த ஒசாமு தெசூக்கா 1989 இல் மறைந்தவராதலின், அவர் சித்திரங்கள் நம் நாட்டில் 2059 வரை காவலுக்கு உட்பட்டவை. படம் பழையதாய்த் தோன்றுகிறதா என்று பாராது, வரைந்தவர் மறைந்த ஆண்டைத் தேடுதலே முறை.

இரண்டாவது வழி, உரியவர் தாமே முன்வந்து இசைவளித்தவற்றை எடுத்தல். தமிழர்க்கு இதன் சுவை நன்கு தெரியும். பாரதியார் பாடல்களின் உரிமை ஒருகாலத்தில் தனியார் வசம் இருந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை அரசு 1949 இல் அப்பாடல்களைப் பொதுமக்களுக்கென ஏற்றது. இன்று அவற்றை எவரும் அச்சிடலாம். அனிமே உலகிலும் இத்தகைய கொடை உண்டு. புகழ்பெற்ற ஜிப்லி கலையகம் 2020 செப்டெம்பரில் தன் எட்டுத் திரைப்படங்களிலிருந்து நானூறு நிழற்படங்களை வெளியிட்டு, பொதுவறிவின் எல்லைக்குள் தாராளமாகப் பயன்படுத்துக என்று அறிவித்தது. யாம் தேடியவற்றுள் மாணவர் பத்திரிகைக்கு இதனினும் உகந்தது வேறில்லை. எனினும், கலையகத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே படத்தை எடுத்தல் வேண்டும். அதனை விளம்பரத்துக்கோ விற்பனைச் சட்டைக்கோ பயன்படுத்துதல் பொதுவறிவின் எல்லையைக் கடத்தலாகும்.

இவ்வகையைச் சேர்ந்ததே ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ உரிமம். 2002 முதல் வழங்கும் இவ்வுரிமங்களில் நான்கு நிபந்தனைகள் வெவ்வேறாகச் சேர்ந்து வரும்: படைத்தவர் பெயரைக் கூறுக, மாற்றி வெளியிடின் அதே உரிமத்தில் வெளியிடுக, வணிகத்துக்குப் பயன்படுத்தற்க, மாற்றஞ் செய்யற்க. எந்த நிபந்தனை எப்படத்துக்கு உண்டு என்பதைப் படத்தின் பக்கத்திலேயே வாசித்தறியலாம். ஊர்க் கடைகளின் விளம்பரத்தோடு விலைக்கு விற்கும் பத்திரிகையாயின் மூன்றாவது நிபந்தனை உள்ள படத்தை விலக்குதல் நன்று. பக்கத்துக்கு அடங்கும்படி ஓரத்தை வெட்டுவதாயின் நான்காவது உள்ளதை விலக்குக. அனிமே வடிவிலேயே இத்தகைய படம் வேண்டுவார்க்கு விக்கிப்பீடியாவின் சின்னமாய்க் காசுகா என்னும் வரைஞர் 2006 இல் படைத்த ‘விக்கிப்பே-டான்’ என்னும் சிறுமி உளள். பெயர் கூறி, அதே உரிமத்தோடு எவரும் வெளியிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: திரைப்படக் காட்சியைத் திருடி ஏற்றிய ஒருவர் அதற்குத் தாமே உரிமம் எழுதிவைத்தல் உண்டு. தமக்கு உரிமையில்லாததை ஒருவர் பிறர்க்கு வழங்கல் இயலாது. ஏற்றியவர்தாம் வரைந்தவரா என்று பார்த்தல் கடன்.

மூன்றாவது வழி, கேட்டல். இதற்குப் பொருட்செலவு இல்லை. நாணம் ஒன்றே தடை. நாம் யாவர், பத்திரிகை யாது, எத்தனை படி அச்சிடுவோம், எப்படத்தை எவ்வளவு பெரிதாய்ப் போடுவோம், பெயரை எவ்வாறு குறிப்போம் என்னும் ஐந்தும் அடங்கிய சிறு கடிதம் போதும்.

நான்காவது, நியாயமான பயன்பாடு. திறனாய்வு, செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி முதலிய நோக்கங்களுக்காக இசைவின்றியும் ஓரளவு பயன்படுத்தச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு இடந்தருகிறது. நோக்கம் யாது, படைப்பின் இயல்பு யாது, எடுத்த பங்கு எவ்வளவு, படைத்தவரின் சந்தைக்கு ஊறு உண்டா என்னும் நான்கையும் அது சீர்தூக்கச் சொல்கிறது. ஒரு காட்சியின் நிறத்தையோ அமைப்பையோ கட்டுரை ஆராயுமாயின், அக்காட்சியைச் சிறிதாய், பெயரோடு காட்டுதல் இதனுள் அடங்க இடமுண்டு. பக்கத்தை அழகுபடுத்தற்கு மட்டும் ஒட்டிய படம் இதனுள் அடங்குதல் அரிது. இக்கதவு ஒடுக்கமானது, முதலிற் சொன்ன கதவுகளைத் தட்டிப் பார்த்த பின்னரே இதனை நாடுக.

ஐந்தாவதும் சிறந்ததுமான வழி, தாமே வரைதல். பாணிக்கு உடையவர் இல்லை, உருவத்துக்கு உண்டு. அகன்ற விழியும் சிறுத்த வாயுமாய் அனிமே பாணியில் எவரும் ஒரு சிறுமியை வரையலாம். ஆனால் பிறர் படைத்த கதாபாத்திரத்தைப் பார்த்து அச்சொட்டாக வரைந்தால், கை நம்முடையதாயினும் படைப்பு அவருடையதே. இயந்திரத்துக்குக் கட்டளையிட்டுச் சித்திரம் பெறும் வழக்கம் 2025 இல் பெரிதும் பரவியது. அதன் நியாயங்கள் பல நாடுகளில் இன்னும் வழக்கில் உள. ஆயினும் எம் கருத்து ஒன்றே: வரையத் தெரிந்த பிள்ளை வகுப்பில் இருக்க, இயந்திரத்திடம் ஏந்துவானேன்?

ஒரு நாட்காட்டியின் கதை

இத்துணையும் கூறியபின் ஒரு மாணவன், “யப்பானில இருக்கிற ஆளுக்கு மாங்குளத்தில நாங்கள் போடுறது தெரியவா போகுது?” என்றான். யாம் விடை கூறாது பழைய கதையொன்றைச் சொன்னோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவனொருவன் மாங்குளம் புகையிரத நிலையத்தைப் பென்சிலால் வரைந்தான். போரால் அறுபட்டிருந்த பாதையில் 2013 இல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியதைச் சிறுவனாய்க் கண்ட நினைவு அப்படத்தில் இருந்தது. எம் பத்திரிகையின் முகப்பில் அவன் பெயரோடு அதனை வெளியிட்டோம். மறு ஆண்டு, கடையொன்றிற் கிடைத்த நாட்காட்டியில் அதே படம் வந்தது. கையெழுத்திருந்த மூலை வெட்டப்பட்டிருந்தது. அவனுடைய தந்தையார் அந்நாட்காட்டியைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். இடப்பெயர்வுகளில் வீட்டையும், பிள்ளைகளின் நிழற்படங்கள் யாவற்றையும் இழந்தவர் அவர். பணம் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. “பிள்ளையின்ர பேர் எங்க, சேர்?” என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. மூலப்படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தோம். அதிற் பெயர் இருந்தது.

கதை முடிந்தபோது வகுப்பு அமைதியாயிற்று. கேள்வி கேட்ட மாணவன், “அப்ப யப்பானிலயும் ஒரு அப்பா இருப்பார், சேர்” என்றான். சட்டப் புத்தகம் கூறியதினும் தெளிவாக அவன் கூறிவிட்டான்.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வோம். கட்டுரை எழுதிய மாணவி அப்படத்தின் விநியோகத்தரப்புக்குக் கடிதம் எழுதினாள். பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள்வரை விடை வரவில்லை. மௌனம் சம்மதம் என்னும் பழமொழி இங்கே செல்லாதென்று அவளே கூறித் திரைப்படக் காட்சியை விடுத்தாள். கட்டுரையின் தலையில் இரவிவர்மாவின் சடாயுவை, அவர் பெயரும் வாழ்ந்த ஆண்டுகளும் குறித்து இட்டோம். அடியில் அவளே அனிமே பாணியில் வரைந்த சடாயு இடம்பெற்றது. விழி சற்றே பெரிது. சிறகோ நம் வன்னிக் காட்டுப் பருந்தின் சிறகு. இரண்டையும் அருகருகே கண்ட வாசகர் பலர் கட்டுரையை ஈற்றுவரை படித்ததாகக் கூறினர். தேடிய படம் கிடைத்திருந்தால் இத்துணைப் பொருத்தம் வாய்த்திருக்குமோ என்பது ஐயமே.

இனி மலர்க்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். இம்மலருக்குப் பழைய மாணவர் பலர் தம் பெட்டிகளிலிருந்து நிழற்படங்களை எடுத்து அனுப்புவர். அவற்றிற் காணப்படுவோர் பெயரை இடமிருந்து வலமாகக் குறித்தல் மரபு. படத்தை எடுத்தவர் பெயரையும், தெரியுமிடத்து, ஒரு வரியிற் குறியுங்கள். போரும் இடப்பெயர்வும் எத்தனையோ ஏடுகளையும் படங்களையும் நம்மிடமிருந்து கொண்டுபோயின. எஞ்சியவற்றின் பெயரையேனும் நம் கையால் அழியாது காப்போம்.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க! அவள் மடியில் எழுதவும் வரையவும் கற்றார் யாவர் பெயரும் நின்று நிலவுக!