129-ஆவது எழுத்து

கணினித் திரையில் எழுத்து எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்கு யாரைக் கேட்டாலும் ‘ஃபாண்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். 1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்றபோது நிலைமை வேறு. எழுத்தின் வடிவம் திரைக்கான கார்டில், 8 கிலோபைட் ரோம் சில்லு ஒன்றில் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருந்தது. புரோகிராம் 65 என்ற எண்ணை மட்டும் கொடுக்கும். கார்டு அந்தச் சில்லைப் பார்த்து ஆங்கில முதலெழுத்தின் புள்ளிகளைத் திரையில் வைக்கும். மொத்தம் 256 எண்கள், 256 வடிவங்கள். அதில் கிரேக்க எழுத்து சில உண்டு, சிரிக்கும் முகம் உண்டு, சீட்டுக்கட்டின் ஆட்டினும் உண்டு. தமிழ் இல்லை.

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான தெனாமாராம் இங்கேதான் இருக்கிறது, அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகில். விடியற்காலையில் பெரட்டு என்ற ஆளெடுப்புக்கு நின்றவர்களில் பலருக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே மொழி தமிழ். கணினி வந்த தோட்ட ஆபீஸ்களில் கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடும் சம்பளச் சீட்டும் ரோமன் எழுத்தில் அச்சாகி வந்தன. கையில் வாங்கியவர் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டியிருந்தது. அந்தச் சீட்டில் தமிழ் வராததற்கு நிர்வாகத்தின் மனம் எவ்வளவு காரணமோ, அந்த 8 கிலோபைட் சில்லும் அவ்வளவு காரணம்.

என் மேசையில் இப்போது கிடப்பது அந்தக் காலத்து ஹெர்குலிஸ் என்ற திரைக் கார்டின் நகல் ஒன்று. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் எடையில் போகவிருந்தது. “அண்ணே, இதுல தங்கம் இருக்கு, சும்மா கொடுக்க முடியாது லா” என்றார் கடைக்காரத் தம்பி. விளிம்புப் பற்களில் தங்கப் பூச்சு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதை அமிலத்தில் கரைத்து எடுப்பது ஆற்றுத் தண்ணீருக்குச் செய்யும் துரோகம். மலேசியச் சட்டம் மின்கழிவை 2005 முதல் அட்டவணைக் கழிவாக, எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வைத்திருப்பது சும்மா அல்ல.

பழைய கார்டை ஆராய்வதற்கு முதலில் கண்ணாடியும் பொறுமையும் போதும். சில்லுகளின் முதுகில் நான்கு இலக்கம் இருக்கும். 8634 என்றால் 1986-இன் 34-ஆவது வாரம். 16.257 என்று எழுதிய உலோகப் பெட்டி, கடிகாரத் துடிப்பைத் தரும் படிகம். அது இருந்தால் கறுப்பு வெள்ளைக் கார்டாக இருக்கலாம். 40 கால்கொண்ட பெரிய சில்லு மோட்டரோலாவின் 6845 அல்லது அதன் நகல். திரையை வரிவரியாக ஓட்டுவது அதுதான். சிறிய சில்லுகள் சிலவற்றில் ‘மலேசியா’ என்றே அச்சாகியிருக்கிறது. 1972-இலிருந்து இன்டெல் பினாங்கிலும், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உலு கிள்ளானிலும் சில்லுகளைக் கட்டி முடித்து உலகுக்கு அனுப்பின. தோட்டத்து வாசலுக்கே வந்த ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிப்போன நம் அக்காமார்கள் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட ஆலைகளில் உருப்பெருக்கிக் கருவியில் கண் வைத்து உட்கார்ந்தவர்கள். தமிழ் தெரியாத அந்தச் சில்லுகளில் சிலவற்றுக்குக் கால் வைத்தது தமிழ்க் கைகளாகவும் இருந்திருக்கலாம்.

ஹெர்குலிஸின் கதை இன்னும் சுவையானது. வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய் மொழியில் பிசியில் எழுத விரும்பினார். ஐபிஎம் கார்டில் தாய் எழுத்து இல்லை. கார்டையே வேறாகச் செய்தார். 1982-இல் கெவின் ஜென்கின்ஸுடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். 64 கிலோபைட் நினைவகம். 720-க்கு 348 புள்ளிகளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றி அணைக்கலாம். உலகம் முழுக்க லோட்டஸ் கணக்குத்தாள் மென்பொருளில் வரைபடம் போட வாங்கிய கார்டு, தாய்மொழி எழுத்துக்காகப் பிறந்தது.

எல்லாப் புள்ளியையும் தொட முடியும் என்றால் தமிழையும் வரைந்துவிடலாமே? வரையலாம். ஆனால் எழுத்து முறையில் ஒரு திரைக்கு 4,000 பைட் போதும். புள்ளி முறையில் 31,320 பைட் தள்ளவேண்டும். 4.77 மெகாஹெர்ட்ஸ் செயலி, ஒரு பக்கத்தை மேலே உருட்டுவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், செக்ரோல் புரோகிராம் போன்றவை எழுத்து முறைக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றில் தமிழ் தெரியவேண்டுமானால் சில்லைத்தான் மாற்றவேண்டும்.

நல்லவேளை, நகல் கார்டுகள் பலவற்றில் எழுத்துச் சில்லு பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். என்னுடையதில் இருந்தது 2764 ரக ஈப்ரோம். மேலே ஸ்டிக்கர், அதன் கீழே குவார்ட்ஸ் ஜன்னல். 253.7 நானோமீட்டர் புற ஊதாக் கதிரில் இருபது நிமிடம் வைத்தால் பழைய எழுத்துகள் அழிந்து சில்லு வெறுமையாகும். நகப்பூச்சு காயவைக்கும் விளக்கு உதவாது; அதன் அலைநீளம் வேறு. வெயிலில் போட்டாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழியும் என்று இன்டெல்லின் பழைய கையேடு சொல்கிறது. கோல சிலாங்கூர் மழையை நம்பி அப்படிச் செய்ய முடியாது.

அழிப்பதற்கு முன் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தின் 14 வரிகளில் மேல் எட்டு ஓரிடத்தில், கீழ் ஆறு 2,048 பைட் தள்ளி வேறிடத்தில். மீதிப் பாதி, 8-க்கு 8 புள்ளி வண்ணக் கார்டின் எழுத்து. ஐபிஎம் இரண்டு கார்டுக்கும் ஒரே சில்லைச் செய்து காசு மிச்சம் பிடித்தது. நகலெடுத்தவர்கள் அந்தச் சிக்கனத்தையும் சேர்த்தே நகலெடுத்துவிட்டார்கள்.

இனிக் கணக்கு. ஆங்கிலத்துக்குக் கீழ்ப்பாதியை விட்டால் நமக்குக் கிடைப்பது மேல்பாதி 128 இடம். தமிழ் எழுத்து 247. ஆனால் கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்து நிற்கும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. ஒரு கட்டத்தின்மேல் இன்னொன்றை ஏற்ற முடியாது என்பதால் புள்ளி வைத்த மெய் 18 தனியாக. இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, துணைக்கால் என்று 4. கூட்டினால் 125. மூன்று இடம் மிச்சம்!

இந்த மகிழ்ச்சி பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தால் வந்தது. தமிழ்நாடு அரசு அதை 1978-இல் ஏற்றது. அதற்கு முந்தைய ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் வேண்டும். ணை, லை, ளை, னை நான்கின் முன்னால் யானைத் துதிக்கைபோல் வளையும் சுழிக்கு இன்னொன்று. 125-உடன் நான்கைக் கூட்டினால் 129. சில்லில் ஒரு எழுத்துக்கு இடமில்லாமல் போயிருக்கும். சீர்திருத்தத்தைப் பற்றி எத்தனையோ மேடையில் வாதம் கேட்டிருக்கிறேன். ஒரு ஈப்ரோம் இப்படிச் சாட்சி சொல்லும் என்று எதிர்பார்க்கவில்லை.

கிரந்த எழுத்துக்கு எங்கே போவது? ‘ஜெயா’ என்று பெயருள்ளவர்கள் இல்லாத லயம் ஏது? அது ஒரு பக்கம் இருக்க, அகலம் இன்னொரு தொல்லை. ட, ப, ர ஒரு கட்டத்தில் சமர்த்தாக உட்காரும். ண, ஞ, ஐ அடங்காது. இரண்டு கட்டம் கேட்கும். கட்டத்தின் அகலம் 9 புள்ளி, சில்லில் இருப்பதோ 8 புள்ளிதான். ஒன்பதாவது எப்போதும் காலி. ஆக, இரண்டாக வெட்டிய ‘ண’வின் நடுவே ஒரு கோடு இருட்டாக விழும்.

இதற்கு வழி கார்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 192 முதல் 223 வரையுள்ள 32 எண்களுக்கு மட்டும் எட்டாவது புள்ளியைக் கார்டு ஒன்பதாவதிலும் திரும்பப் போடும். கட்டம் கட்டும் கோடுகள் அறுந்துபோகாமல் இருக்க ஐபிஎம் செய்த ஏற்பாடு அது. அகல எழுத்தின் இடப்பாதியை இந்த 32-க்குள் வைத்தால் ‘ண’ முழுசாக நிற்கிறது. ஆனால் அதே எண்களைத்தான் டாஸ் புரோகிராம்கள் மெனுவைச் சுற்றிக் கோடு போடப் பயன்படுத்துகின்றன. நான் ‘ண’வின் இடப்பாதியை 205-இல் வைத்தேன். கோப்புப் பட்டியலைத் திறந்தால் இரட்டைக் கோட்டுக்குப் பதிலாகத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அரை ‘ண’க்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

தமிழுக்காக உண்மையிலேயே உழைத்தவர்கள் வேறு வேறு வழி பிடித்தார்கள். மலேசியாவில் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். பின்னாளில் அது முரசு அஞ்சலாக வளர்ந்தது. இந்தியாவில் ஐஐடி கான்பூரில் தொடங்கிய ஆய்வு, 1988-இல் புனேயில் அமைந்த சி-டாக் நிறுவனத்தில் ஜிஸ்ட் கார்டாக உருவெடுத்தது. பிசியின் ஸ்லாட்டில் செருகினால் டிபேஸ், வேர்ட்ஸ்டார் போன்ற ஆங்கில டாஸ் புரோகிராம்களிலேயே தமிழும் இந்தியும் அடிக்கலாம். அரை ‘ண’ வரிசையைப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கெட்டிக்கார வேலை என்று விளங்குகிறது. இடையில் இஜிஏ, 1987-இல் விஜிஏ என்று வந்தவை எழுத்தைத் தங்கள் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள விட்டன. சில்லைக் கழற்றும் வேலை அத்தோடு ஒழிந்தது.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 6845-க்குத் தவறான எண்ணைக் கொடுத்தால் அந்தக் காலத்து ஐபிஎம் பச்சைத் திரை கருகிவிடும். கார்டு சொல்வதை அப்படியே கேட்கும் மானிட்டர் அது. நான் ராஸ்பெரி பை வைத்து இயங்கும் மாற்றுப்பலகை வழியாக இன்றைய திரையில்தான் பார்க்கிறேன். கடற்கரைக் காற்றில் சில்லின் வெள்ளிப் பூச்சுக் கால்கள் கறுத்துவிடும். அழிரப்பரால் தேய்த்தாலே பாதிக் கோளாறு தீரும்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது 1986-இல் வந்த ஹெர்குலிஸ் பிளஸ். ராம்ஃபாண்ட் என்ற வசதியில் எழுத்து முறையிலேயே 3,072 வடிவங்களை அது ஏற்றிக்கொள்ளும். கிரந்தமும் பழைய ணா, றா, னாவும் தமிழ் எண்களும் போட்டும் இடம் மிஞ்சும். அதற்கென்று எழுதிய புரோகிராம்களில் மட்டுமே வேலைசெய்யும் என்பதால் அதிகம் விற்காத கார்டு. பள்ளிக்கூட ஸ்டோர், மூடிய தோட்ட ஆபீஸ் எதையாவது காலிசெய்கிறவர்கள், பின்பக்கம் ஒன்பது துளைக் கனெக்டர் உள்ள கார்டு கண்ணில் பட்டால் எடைக்குப் போடுமுன் சாக்கெட்டில் இருக்கும் சில்லையாவது கழற்றி வையுங்கள். உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று படித்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.