வங்குக்கு முன் பலகை

சிறு பாய்மரப் படகுகளை வரைவதிலும் கட்டுவதிலும் ஆயுளைச் செலவிட்டு வருகிறேன் என்பதை அறிந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அன்பர் ஒருவர், வரைபடமே இல்லாமல் படகு கட்டுவது சாத்தியமா என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். டெங்கிலில் உள்ள என் பட்டறையில் அது சாத்தியமில்லை; ஆனால் திரங்கானு ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள டூயோங் தீவின் மலாய்த் தச்சர்களுக்கோ அது பரம்பரை வித்தை.

பாய் காற்றை வாங்குவதையும் சுக்கான் திசை திருப்புவதையும் வாசகர் அறிவாராகையால், என்னை ஓயாமல் வியக்கவைக்கும் ஒரு விசித்திரத்தை மட்டும் விஸ்தரிக்கிறேன். பிற்கால ஐரோப்பியத் தச்சர்கள் பெருங்கலங்களைக் கட்டுகையில், கலத்தின் அடிமரமான ஏராக்கட்டையின்மேல் முதலில் விலாமரங்களாகிய வங்குகளை நிறுத்திச் சட்டம் அமைத்து, அதன் பின்னரே பலகை அறைந்தார்கள். டூயோங்கிலோ பலகைமேல் பலகையாகக் கலத்தின் உடலை எழுப்பிவிட்டு, அதன் வளைவுக்கு இசைய வங்குகளைச் செதுக்கி உள்ளே பொருத்துகிறார்கள். செங்கால் என்னும் வைரம் பாய்ந்த மரத்தின் பலகைகளை நெருப்பில் வாட்டி வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து மரமுளைகளால் பிணைக்கும்போது, இடையே கெலாம் மரத்தின் மெல்லிய பட்டையை வைக்கிறார்கள். மாரிக்காலத்தில் எங்கள் வீட்டுப் பலகைக் கதவு உப்பி நிலையோடு இறுகிக்கொள்வதுபோல, நீர் பட்டதும் அப்பட்டை உப்பி இடைவெளியை அடைத்துவிடுகிறது. பினாஸ், பெடார் என்னும் பாய்க்கலங்கள் இவ்விதமே உருவாயின. இரும்பாணியை நம்பாத இச்சாமர்த்தியம் நம்மவருக்கும் அந்நியமன்று; சென்னைக் கரையின் மசூலாப் படகுகள், அலை மோதுகையில் பிளவுபடாமல் நெகிழ்ந்துகொடுக்கும்படி, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை.

1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வரைந்த ஆப்டிமிஸ்ட் என்னும் 2.3 மீட்டர் சிறுவர் படகைக் காகிதத்தைப் பார்த்து எந்த தேசத்தவரும் கட்டலாம். டூயோங் கலத்தின் அளவுகளோ தச்சரின் கண்ணிலும் கையிலும் மாத்திரமே வாசம் செய்வதால், சீடனில்லாத ஆசான் மறையும்போது கலத்தின் வடிவமும் அவரோடு மறைந்துபோகிறது. செங்கால் அருகி விலையேறியதும், கண்ணாடியிழைப் படகுகள் மலிந்ததும் இந்த நஷ்டத்தைத் துரிதப்படுத்துகின்றன. இந்தோனேசியாவின் தென் சுலாவெசியில் பினிசி என்னும் பாய்க்கலம் கட்டும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது சிலாக்கியமே. எனினும் பட்டியலோ, கண்ணாடிப் பேழைக்குள் வைத்த மாதிரிக் கலமோ உளி பிடிக்கக் கற்றுத்தராது.

ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு விடுமுறையில் விரையும் கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்கள், வழியில் ஒரு காலைப் பொழுதை டூயோங்குக்கு ஒதுக்கி, பிள்ளைகளைத் தச்சரின் அருகே நிற்கவிடட்டும்; கேள்வி கேட்கும் பிள்ளை ஒன்றேனும் அங்கே இருக்குமானால், அதைத் தடுக்காதிருங்கள்.