உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்கு வந்த புது ரவுட்டர்

★ ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் பெட்டியைச் சுவரில் மாட்டி, வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதே பெட்டிக்கு இன்னொரு பாஸ்வேர்டும் உண்டு. முதலாவது இணையத்தில் சேர. இரண்டாவது ரவுட்டரின் அமைப்புகளையே மாற்ற. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் திறக்கும் பக்கம் கேட்பது இரண்டாவதைத்தான். எந்த எண் என்பது பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பல ரவுட்டர்களில் பயனர் பெயர், பாஸ்வேர்டு இரண்டுமே 'அட்மின்'தான். அதை அறியாதவர் யார்?

★ அந்தப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரலே சாட்சி. இணையத்தோடு இணைந்த கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் அது நுழைந்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தயாரிப்பாளர்கள் போட்டு அனுப்பிய பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் சுமார் 60-ஐ வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவே. அப்படிப் பிடித்த கருவிகளை ஏவி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். அதன் சேவையை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. எல்லாக் கருவிக்கும் எளிதில் ஊகிக்கக்கூடிய ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. எல்லா நாடுகளும் செய்ய வேண்டிய காரியம் இது.

★ உங்கள் வீட்டு 192.168.1.1 அடுத்த வீட்டிலும் இருக்கலாம். குழப்பம் வராது. 192.168 என்று தொடங்கும் 65,536 எண்களும் கட்டடத்துக்குள் மட்டும் புழங்க ஒதுக்கப்பட்டவை. வெளி இணையத்தில் செல்லாது.

★ வைஃபையின் பெயரை மாற்றுவதிலும் பாதுகாப்பு இருக்கிறது. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ரகசியச் சாவியை உருவாக்கும்போது, பாஸ்வேர்டோடு வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 சுற்றுகள் கணக்கிடுகிறார்கள். ஆயிரம் வீடுகளில் ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயருக்கான கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் திருடனுக்கு வேலை மிச்சம். ஆனால் எந்த வீடு என்று காட்டிக்கொடுக்கும்படி புதுப் பெயரில் கதவு எண்ணைச் சேர்த்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். நீளம் கூடக் கூட நல்லது. நம் ஊரில் பலர் வைப்பது கைபேசி எண். பத்து இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடங்கும் என்பது ஊரறிந்த விஷயம். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி அத்தனை எண்களையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடும்.

★ வைஃபை பாஸ்வேர்டைத் தட்டாமலே கருவிகளை இணைக்கும் 'டபிள்யூபிஎஸ்' என்ற வசதியில் 8 இலக்கப் பின் ஒன்று உண்டு. பார்த்தால் கோடிக்கணக்கான வாய்ப்புகள். ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து வருவது. ஆக, அதிகபட்சம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும் என்பது 2011 இறுதியில் வெளிவந்தது. அமைப்புப் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

★ வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், சுவரைக் கண்டால் தளரும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். அதன் பக்கத்திலோ, இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ ரவுட்டரை வைக்க வேண்டாம்.

★ செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா அலைகளைப் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும். நேர் மேலே மிகக் குறைவு. மாடி வீடா? ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

★ ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பில் மின்னினால் ஒளிச்சமிக்ஞை வரவில்லை என்று பொருள். கேபிள் மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். அதற்காக ரீசெட் ஓட்டையில் ஊசியை அழுத்திப் பயனில்லை. உங்கள் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். சில இணைப்புகளில் சேவை நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் சேர்ந்து போய்விடும்.

★ 2018 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள ரவுட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. 'விபிஎன்ஃபில்டர்' என்ற தீநிரல் 54 நாடுகளில் 5 லட்சம் கருவிகளையாவது பிடித்திருந்தது. அணைத்துப் போட்டால் அதன் ஆபத்தான பகுதிகள் தற்காலிகமாவது அழியும். ஓட்டையை நிரந்தரமாக அடைப்பது தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் அப்டேட்தான். எனவே கடையில் எத்தனை ஆன்டெனா என்று எண்ணுவதற்கு முன், எத்தனை வருடம் அப்டேட் தருவீர்கள் என்று கேளுங்கள்.