தேய்த்தால்தான் மின்சாரமா?

தேய்ப்பதால் மின்சாரம் பிறக்கிறது என்று வகுப்பில் சொல்வது பாதி உண்மைதான். மேசையில் ஒட்டிய இரண்டு செலோடேப் துண்டுகளைச் சட்டென உரித்து அருகருகே பிடித்தால், தேய்க்காமலே ஒன்றையொன்று விலக்கும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுப்பதைக் காட்டும் முன் வகுப்பில் இதைத்தான் காட்ட வேண்டும். பொருள்கள் தொட்டுப் பிரியும்போது எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. தேய்ப்பது அந்தத் தொடுதலைப் பெருக்குகிறது, அவ்வளவே. அப்படியானால் ஐப்பசி மழையில் வேலூர்ப் பள்ளியில் சீப்பு ஏன் காகிதத்தை இழுக்கத் திணறுகிறது? மின்னூட்டம் உண்டாகாமல் இல்லை. ஈரம் படிந்த பரப்பு வழியே கசிந்துவிடுகிறது. ஆம்பூர்க் காலணிகளிலும் இதே கதைதான்: ஈரம் உறிஞ்சிய தோல் அடி மின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்தும், சாதாரண ரப்பர் அடியோ உடலிலேயே தேக்கும். கரைப்பான் கலந்த பசையின் ஆவி சூழ்ந்த காலணிக்கூடத்தில் அந்தத் தேக்கம் ஒரு சிறு பொறியாக வெடித்தாலும் தீப்பற்றலாம்.