கால்நடைக் கழிச்சலும் புதிய வைரசுகளும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருளுண்டு. அச்செல்வத்தைப் பிறந்த சில நாட்களுள்ளேயே கவர்ந்து செல்லும் நோய்களுட் கழிச்சல் தலையாயது. கன்றும் பன்றிக்குட்டியும் கழிச்சலால் இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதனாலேயாம். எனினும் கழிச்சல் என்பது தனியொரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவானதோர் அறிகுறி. பற்றீரியா, ஒட்டுண்ணி, ஒவ்வாத தீன், வைரசு ஆகிய யாவும் அதனை உண்டாக்க வல்லன. முன்னர் அறியப்படாத வைரசொன்று அதற்குக் காரணமாயின், அதனை எங்ஙனம் கண்டறிவது என்பதை ஈண்டு நாம் ஆராய்வோம்.

வைரசு சாதாரண நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத நுண்மையுடையது. பற்றீரியாவைத் தடுக்கும் வடிகளினூடும் அது செல்லும். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெபிராஸ்காவிற் சார்ள்சு மெபசு என்பாரும் அவருடன் உழைத்தோரும், நோயுற்ற கன்றுகளின் சாணத்தைப் பற்றீரியா நீங்க வடித்து, நலமுள்ள கன்றுகளுக்குக் கொடுத்தனர். அவையும் கழிச்சலுற்றன. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது வட்டமான வைரசுத் துணிக்கைகள் தென்பட்டன. 1973 இல் மெல்பேர்ண் நகரில் றூத் பிசப் குழுவினர், வயிற்றோட்டமுற்ற குழந்தைகளின் குடலில் இவ்வினத்து வைரசையே கண்டனர். சில்லுப் போன்ற தோற்றத்தினால் அதற்கு ரோட்டா வைரசு எனப் பெயராயிற்று.

ஆயினும் கண்ணாற் காண்பது மட்டும் போதாது. வைரசு மலிந்திருந்தாலன்றி இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனை எளிதிற் காட்டாது. ஒரே வடிவுடைய இரண்டினை வேறுபடுத்தலும் அரிது. ஆகவே இக்காலத்து ஆய்வாளர், மலத்திலும் குடலிலுமுள்ள பரம்பரைப் பொருள் முழுவதையும் எடுத்து, அதன் எழுத்துவரிசையை வாசிக்கின்றனர்.

2016 ஒற்றோபரிற் சீனாவின் குவாங்டொங் மாகாணத்துப் பண்ணையொன்றிற் பன்றிக்குட்டிகள் கழிச்சலால் மாண்டன. முதலில் ஏற்கெனவே அறிந்த கொரோனா வைரசொன்று அகப்பட்டது. 2017 சனவரி நடுப்பகுதிக்குப் பின் அது மறைந்தது, சாவோ நிற்கவில்லை. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில், நான்கு பண்ணைகளில் இறந்த குட்டிகளின் தொகை 24,693 ஆயிற்று. எழுத்துவரிசையை வாசித்தபோது வேறொரு கொரோனா வைரசு வெளிப்பட்டது. அம்மாகாணத்துக் குதிரைலாட வௌவால்களில் அதனை நூற்றுக்கு 98 பங்கு ஒத்த வைரசும் இருந்தது. பண்ணையில் உழைத்த 35 பேரின் குருதியைச் சோதித்ததில், ஒருவரிடத்தும் அதற்குரிய பிறபொருளெதிரி காணப்படவில்லை.

இங்கு மாணவர் ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். நலமுள்ள விலங்கின் குடலிலும் வைரசுகள் பல வாழ்கின்றன. எனவே நோயாளியிடத்து ஒன்றைக் கண்டமையால் மட்டும் அதுவே நோய்க்குக் காரணமென்று துணிதல் தகாது. குவாங்டொங் ஆய்வாளர் அவ்வைரசைக் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்து, நலமுள்ள குட்டிகளுக்கு ஊட்டினர். அவை நோயுற்றன, சில மாண்டன, அவற்றின் குடலில் அதே வைரசு மீண்டும் காணப்பட்டது. அதன் பின்னரே குற்றவாளி இன்னதென்பது உறுதியாயிற்று.

இம்முயற்சியின் பயன் தொழுவத்தோடு முடிவதன்று. கன்றொன்றிலிருந்து பெற்ற ரோட்டா வைரசோடு மனித ரோட்டா வைரசின் கூறுகளைச் சேர்த்து ஆக்கிய வாய்வழித் தடுப்பு மருந்து, 2006 இல் அமெரிக்காவிற் குழந்தைகளுக்கு அங்கீகரிக்கப்பட்டது. கன்றின் கழிச்சலை ஆராயத் துணிந்தோர் திறந்த வழி, ஈற்றிற் குழந்தைகளின் உயிர்காக்கும் வழியுமாயிற்று. சிறியதெனவும் அருவருப்பானதெனவும் நாம் ஒதுக்கும் பொருளிலும் பேருண்மை அடங்கியிருக்கும் என்பதை, விஞ்ஞானம் பயிலும் எம் இளைஞர் உளத்திற் கொள்வாராக.