இ.எம்.ஐ. முடியறதுக்குள்ள இ-ஸ்கூட்டர் பேட்டரி முடியலாமா?

பல்லடம் ரோடு, அவிநாசி ரோடு பக்கம் வேலையா? உங்க இ-ஸ்கூட்டர் பகல் முழுக்க கம்பெனி வாசல்ல வெயில்ல நிக்குதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

வண்டியிலேயே விலை அதிகமான பாகம் பேட்டரி. லித்தியம் பேட்டரி சூடாகச் சூடாக அதன் சேமிக்கும் திறன் நிரந்தரமாகக் குறையும். குளிர் பத்தி நமக்குக் கவலையில்லை. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டாத்தான் சிக்கல்.

1. அனல் தேங்குற தகர ஷெட்டைவிட வேப்பமர நிழல் மேல்.

2. வந்ததும் சார்ஜ் போடாதீங்க. அரை மணி நேரம் ஆறட்டும்.

3. தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்களா? பாதி சார்ஜ்ல, நிழல்ல விட்டுட்டுப் போங்க.

4. தூங்கும்போது வீட்டுக்குள்ள சார்ஜ் வேண்டாம். 2022 மார்ச்சில், வேலூரில், சார்ஜில் இருந்த இ-பைக் தீப்பிடித்து அப்பாவும் மகளும் உயிரிழந்தாங்க. அதே ஆண்டு டிசம்பர் முதல் ஏஐஎஸ்-156 பேட்டரி பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. செகண்ட் ஹேண்ட் வாங்கினா தயாரிப்பு மாதம் பாருங்க.

இன்னொண்ணு: 31.3.2023-க்குப் பிறகு அனுமதியான வண்டிக் கடனுக்கு 80இஇபி வட்டிக் கழிவு கிடையாது. வரியில மிச்சமாகாததை பேட்டரியிலயாவது மிச்சம் பிடிங்க!