துண்டு போட்டவர் திரும்பவில்லை

அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டரில் ஒரு வேர்டு கோப்பைத் திறக்கிறீர்கள். அந்த நொடியே அதே ஃபோல்டரில், உங்கள் கண்ணில் படாமல், இன்னொரு கோப்பும் பிறக்கிறது. அதன் பெயர் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும். அளவு 162 பைட். எக்செல் என்றால் 165. உள்ளே இருப்பது உங்கள் பெயர், அவ்வளவுதான். சற்று நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் அதே கோப்பைத் திறக்கப் போனால், வேர்டு இந்தச் சிறு கோப்பைப் படித்துவிட்டு, இன்னார் திறந்து வைத்திருக்கிறார், நீங்கள் படிக்க மட்டும் செய்யலாம் என்று அவரிடம் சொல்லும். லிப்ரே ஆபீஸும் இப்படி ஒன்றை எழுதி வைக்கிறது. அதில் ஆளின் பெயரோடு கணினியின் பெயரும், திறந்த தேதியும் நேரமும் இருக்கும்.

கூட்டமான பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அந்த வேலையைத்தான் இந்தக் கோப்பு செய்கிறது. துண்டுக்கு யாரையும் தடுக்கும் பலம் கிடையாது. பார்த்தவர்கள் மதித்து ஒதுங்கிக்கொள்வதால்தான் இடம் நிற்கிறது. துண்டு போட்டவர் தேநீர் குடிக்க இறங்கி, திரும்பி வராமலே போய்விட்டால்? வண்டி கிளம்பிவிடும், காலி இருக்கையின் பக்கத்தில் நாலு பேர் நின்றுகொண்டே போவார்கள். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலைத் திறக்க முடியாமல், 'ஃபைல் லாக் ஆயிடுச்சு' என்று ஓர் அலுவலகமே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். திறந்து வைத்திருப்பதாகத் திரையில் பெயர் காட்டும் மனிதரோ விடுப்பில் இருப்பார். இதை ஆளில்லாப் பூட்டு என்று அழைக்கலாம்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பூட்டு ஒன்றல்ல, இரண்டு. துண்டு மேலே கிடப்பது. அதற்கு அடியில் உண்மையான பூட்டு இருக்கிறது. வேர்டு ஒரு கோப்பைத் திறக்கும்போது, நான் திறந்திருக்கும் வரை வேறு யாரையும் இதில் எழுத விடாதே என்று சர்வரிடமும் கேட்டுக்கொள்கிறது. சர்வர் அதைத் தன் நினைவகத்தில் ஒரு பட்டியலாகக் குறித்து வைக்கிறது. இது நடத்துனர் கையில் இருக்கும் இருக்கைப் பட்டியல் மாதிரி. ஆளில்லாத் துண்டை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். பட்டியலில் பெயர் இருக்கும் வரை இடம் கிடைக்காது. மறைந்திருக்கும் கோப்பைத் தேடி அழித்த பிறகும் சில நேரம் பூட்டு விலகாததற்குக் காரணம் இதுவே.

சரி, ஆள் போய்விட்டார் என்று சர்வருக்கு ஏன் தெரியவில்லை? வேர்டு மட்டும் இடையில் நொறுங்கி விழுந்தால் சிக்கல் பெரிதல்ல. அந்தக் கணினியின் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது. அது வேர்டு திறந்து வைத்திருந்ததை எல்லாம் மூடி, சர்வருக்கும் சொல்லிவிடும். அப்போது துண்டு மட்டும் மிஞ்சலாம். மின்சாரம் போனாலோ, யாராவது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாலோ நிலைமை வேறு. போய்வருகிறேன் என்ற செய்தி சர்வருக்கு வரவே வராது. சர்வரின் பக்கம் கேட்பது மௌனம் ஒன்றுதான். செத்துப்போன கணினியின் மௌனமும், கோப்பைத் திறந்து வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவரின் மௌனமும் கம்பியின் மறுமுனையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

'இருக்கிறாயா?' என்று சர்வர் தானே கேட்டுப் பார்க்கலாமே? அதற்கும், கணினிகளை இணைத்து வைக்கும் டிசிபி நெறிமுறையில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் 1989 அக்டோபரில் வகுத்த இணைய விதி, இந்த விசாரிப்புக்கான இடைவெளி இயல்பாக 2 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றது. அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் காசு வாங்கும் இணைப்புகள் இருக்கக்கூடிய காலம் அது; வீண் விசாரிப்புக்குச் செலவாகக் கூடாது என்பதும் அதன் காரணங்களில் ஒன்று. லினக்ஸில் அந்த இயல்பு மதிப்பு இன்றும் 7200 நொடி. விவரம் தெரிந்த நிர்வாகிகள் இதைக் குறைத்து வைப்பார்கள். யாரும் கை வைக்காத இடங்களில் அந்த இரண்டு மணி நேரம் அப்படியே ஓடும்.

இந்த மௌனத்தோடு பொறியாளர்கள் எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதை யூனிக்ஸ் உலகத்தின் என்.எஃப்.எஸ்ஸில் தெளிவாகப் பார்க்கலாம். 1980களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இந்தக் கோப்பு முறையின் தொடக்கப் பதிப்புகளில் சர்வர் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் தனக்கு வேண்டிய விவரம் முழுவதையும் சுமந்து வரும். சர்வர் விழுந்து எழுந்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். அழகான யோசனை. ஆனால் பூட்டு என்பதே நினைவுதான். இன்னார் பூட்டினார் என்று யாராவது நினைவில் வைத்தாக வேண்டும். ஆகவே பூட்டுக்கு மட்டும் தனியாக ஒரு நெறிமுறையை ஒட்டவைத்தார்கள். பூட்டு வைத்திருந்த கணினி செத்துப் பிழைத்தால், எழுந்தவுடன் 'நான் விழுந்து எழுந்தேன்' என்று சர்வருக்குச் சொல்லும். சர்வர் அதன் பழைய பூட்டுகளை விடுவிக்கும். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. செத்த கணினி மறுபடி எழவே இல்லை என்றால் பூட்டும் விலகாது. பழுதாகி மூலையில் போட்ட கணினி ஒன்று, ஒரு கோப்பை நாள் கணக்கில் பிடித்து வைத்திருக்க முடியும்.

விடை குத்தகையில் கிடைத்தது. 1989இல் ஸ்டான்ஃபோர்டின் கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, உரிமையைக் காலவரம்போடு கொடுப்போம் என்றது. வரம்பு முடிவதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் உரிமை உன்னுடையது. புதுப்பிக்காவிட்டால் தானே கழன்றுவிடும். மௌனம் சாவா, யோசனையா என்று சர்வர் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. என்.எஃப்.எஸ்ஸின் நான்காம் பதிப்பு பூட்டைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டு இந்தக் குத்தகையையும் கைக்கொண்டது. லினக்ஸ் சர்வரில் இயல்பான குத்தகைக் காலம் 90 நொடி.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பின்கதை. 90 நொடி கண்டிப்பு சில நேரம் கொடுமையாகிவிடும். இரண்டு நிமிடம் நெட்வொர்க் அறுந்து திரும்பியவர், யாருமே கேட்காத பூட்டை இழந்து நிற்பார். 2022இல் வந்த லினக்ஸ் 5.19 இதைத் தணித்தது. குத்தகை முடிந்தாலும், வேறொருவர் வந்து அந்த இடத்தைக் கேட்கும் வரை சர்வர் பழையவருக்காகப் பூட்டை வைத்திருக்கும். அப்படி வைத்திருப்பது ஒரு நாள் வரை. காலியாகக் கிடக்கும் பேருந்தில் துண்டை எடுத்துப் போட வேண்டிய அவசியம் என்ன?

குத்தகையிலும் ஆபத்து உண்டு. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு ஒருவர் சாப்பிடப் போகிறார். குத்தகை கழன்று, வேறொருவர் கோப்பைத் திருத்தி முடிக்கிறார். மூடி திறந்ததும் முதல் கணினி தன் பூட்டு இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப் பார்க்கும். கூகுள் 2006இல் விவரித்த சப்பி என்ற பூட்டுச் சேவை, பூட்டு கைமாறும்போதெல்லாம் ஏறும் ஓர் எண்ணைப் பூட்டோடு சேர்த்தது. பழைய எண்ணோடு வருபவரின் எழுத்தைச் சேமிப்பகம் மறுத்துவிடலாம்.

நம் அலுவலகத்தின் ஷேர்டு ஃபோல்டரில் இதெல்லாம் இருக்காது. யாராவது கையால்தான் பூட்டை விலக்க வேண்டியிருக்கும். விலக்குவது எளிது. அதனாலேயே பயம். விண்டோஸ் சர்வரில் ஷேர்டு ஃபோல்டர்கள் பகுதிக்குள் போனால் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். லினக்ஸில் ஷேர்டு ஃபோல்டர் தரும் சாம்பா சர்வரில் எஸ்எம்பி-ஸ்டேட்டஸ் கட்டளை அதே பட்டியலைத் தரும். யார், எந்தக் கணினி என்பது தெரிந்ததும் முதல் வேலை அவருக்கு ஒரு போன். அவர் உண்மையிலேயே திறந்து வைத்திருந்தால், நாம் மூடும் நொடியில் அவர் சேமிக்காமல் தட்டச்சு செய்த அரை நாள் உழைப்பு நடுத்தெருவுக்கு வந்துவிடும். திறந்திருப்பது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்: எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகம் ஒரு கோப்பைக் காட்டிக்கொண்டிருந்தாலே அதைப் பிடித்து வைக்கும். அவர் வேறொரு கோப்பைச் சொடுக்கினால் போதும்.

ஆள் இல்லை என்பது உறுதியானால் முதலில் கோப்பை வேறிடத்தில் நகல் எடுங்கள். பிறகு விண்டோஸ் சர்வரின் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் மூடுங்கள். பொறுமையிழந்து சர்வரையே மறுபடி இயக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பூட்டை விலக்க எல்லோருடைய பூட்டையும் உடைக்கும் வேலை அது. கடைசியில் துண்டை அழியுங்கள். வேர்டு விஷயத்தில் இதுவே ஒரு சோதனையும் ஆகிறது: உயிரோடு இருக்கும் வேர்டு தன் 162 பைட் கோப்பையும் திறந்தே வைத்திருக்கும், அதனால் ஷேர்டு ஃபோல்டர் வழியாக அழிக்கப் போனால், பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுப்பு வரும். மறுப்பு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு மறுபடி போனை எடுங்கள். இந்தச் சோதனையை உங்கள் விண்டோஸ் கணினியிலிருந்துதான் செய்ய வேண்டும். சாம்பா ஓடும் லினக்ஸ் சர்வருக்குள்ளேயே நுழைந்து கட்டளை கொடுத்தால், உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கேள்வி கேட்காமல் அழித்துவிடும்.